ஈயக் குண்டும் கரித்துண்டும்: உலோகம், அலோகம் பற்றி ஓர் எளிய விளக்கம்

பாம்பனில் எங்கள் தெருவில் வலைக்கு ஈயக் குண்டு வார்க்கும் பெரியப்பா ஒருவர் இருந்தார். சொந்தப் பெரியப்பா அல்ல; தெருவே அவரை அப்படித்தான் அழைத்தது. மாலையில் காற்று தணிந்ததும் வாசலில் கரி அடுப்பை மூட்டுவார். கிழிந்த வலைகளிலிருந்து கழற்றிய பழைய ஈயத்தை இரும்புக் கரண்டியில் போட்டுத் தணலின் மேல் வைப்பார். சற்று நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு துண்டுகளின் விளிம்பு மழுங்கும். ஒன்றோடொன்று ஒட்டும். திடீரென்று எல்லாம் சேர்ந்து கண்ணாடியைப்போல் மின்னும். அந்த மினுக்கம் சில நொடிகள்தான். உடனே அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஓர் ஆடை படியும், காய்ச்சிய பாலில் ஏடு படிவதைப்போல. அந்த ஏட்டை ஒரு தகரத்துண்டால் ஒதுக்கிவிட்டு அச்சில் ஊற்றுவார். "தள்ளி நில்லுங்கள், புகை ஆகாது" என்று எங்களை விரட்டுவார். அவர் சொன்னது சரி. ஈயம் உடலில் சேர்ந்தால் நஞ்சு, குழந்தைகளுக்குப் பெருங்கேடு.

பள்ளியில் உலோகம், அலோகம் பாடம் வந்தபோது எனக்கு அந்த அடுப்புதான் நினைவுக்கு வந்தது. உருகும் ஈயமும் உருகாத இரும்புக் கரண்டியும் உலோகங்கள். எரியும் கரி அலோகம். கரியை எரிய வைக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் அலோகம். ஈயத்தின் மேல் படிந்த ஏடு, உலோகமும் அலோகமும் கூடிய ஈய ஆக்சைடு. பாடம் முழுவதும் ஓர் அடுப்புக்குள் இருக்கிறது.

பாடப்புத்தகத்தில் இதை ஓர் அட்டவணையாகப் போட்டிருப்பார்கள். இடப்பக்கம் உலோகம்: பளபளக்கும், தகடாகும், கம்பியாகும், வெப்பத்தையும் மின்சாரத்தையும் கடத்தும், தட்டினால் ஒலிக்கும். வலப்பக்கம் அலோகம்: இவை எதுவும் இல்லை. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள், தேர்வு முடிந்ததும் மறக்கிறார்கள். அட்டவணையில் தவறு இல்லை. ஆனால் அதில் உள்ள ஏழெட்டு வேறுபாடுகளும் ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை என்பதை அட்டவணை சொல்வதில்லை. அந்தக் காரணம் பிடிபட்டுவிட்டால் மனப்பாடம் தேவைப்படாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சோதனை. ஈயக் குண்டு ஒன்றையும் அடுப்புக் கரி ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் கரிக்குப் பஞ்சமில்லை. சீமைக்கருவேல மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்குவது இங்கே பெருந்தொழில். இரண்டையும் கல்லின் மேல் வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போடுங்கள். ஈயம் நசுங்கித் தட்டையாகும். மறுபடி அடித்தால் இன்னும் அகலும். எத்தனை அடித்தாலும் அது ஒரே துண்டுதான். கரி முதல் அடியிலேயே தூளாகும். அடித்த விசை ஒன்றுதான். பிறகு ஏன் ஒன்று விரிந்தது, மற்றது உடைந்தது?

எல்லாப் பொருளும் அணுக்களால் ஆனது. அணுவின் நடுவே ஒரு கரு. அதைச் சுற்றி எலக்ட்ரான்கள். இவற்றில் வெளி ஓரத்தில் இருக்கும் எலக்ட்ரான்கள்தான் நமக்கு முக்கியம். உலோக அணுவில் பெரும்பாலும் ஒன்று, இரண்டு அல்லது மூன்று எலக்ட்ரான்களே வெளி ஓரத்தில் இருக்கும். கரு அவற்றைத் தளர்வாகவே பிடித்திருக்கும். அலோக அணுவில் வெளி எலக்ட்ரான்கள் நான்கு முதல் ஏழு வரை இருக்கும், பிடி இறுக்கமானது. கிடைத்தால் அடுத்த அணுவின் எலக்ட்ரானையும் இழுத்துக்கொள்ளும். (ஹைட்ரஜனுக்கு இருப்பதே ஒன்றுதான், ஆனாலும் அது அலோகம்.) சுருங்கச் சொன்னால் உலோகம் கொடுக்கும் கை, அலோகம் வாங்கும் கை.

உலோகத் துண்டுக்குள் கோடானுகோடி அணுக்கள் தங்கள் வெளி எலக்ட்ரான்களைப் பொதுவில் விட்டுவிடுகின்றன. அந்த எலக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் தனிச் சொத்து அல்ல. துண்டு முழுவதும் உலவுகின்றன. அணுக்களைச் சேர்த்துக் கட்டிவைப்பதும் அந்தப் பொதுச் சொத்துதான். கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரே கயிற்றை இருபது பேர் பிடித்திருப்பார்கள். பின்னால் கரையேறியவர் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் போய் மறுபடி பிடிப்பார். ஆள் இடம் மாறுகிறார். கயிறு கை நழுவுவதில்லை. ஈயத்தைச் சுத்தியலால் அடிக்கும்போது அணுக்களின் வரிசைகள் இப்படித்தான் வழுக்கி இடம் மாறுகின்றன. பிணைப்பு அறுவதில்லை. அதனால் ஈயம் விரிகிறது.

கரியில் நிலைமை வேறு. அங்கே ஒவ்வோர் அணுவும் பக்கத்து அணுவின் கையைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. இவருக்கு அவர், அவருக்கு இவர் என்று பிடி குறிப்பிட்ட ஆளோடுதான். ஒருவரைத் தள்ளினால் கை விடுபடும்; வேறு கை தயாராக இல்லை. எனவே உடைகிறது.

இந்தப் பொதுச் சொத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அட்டவணைக்குத் திரும்புங்கள், ஒவ்வொன்றாக விளங்கும். கம்பியாக இழுபடுவதும் அதே வழுக்கல்தான். தங்கம் இதில் உச்சம்: ஒரு கிராம் தங்கத்தைச் சுமார் 2 கிலோமீட்டர் நீளக் கம்பியாக இழுத்துவிடலாம். ஏறக்குறைய பாம்பன் ரயில் பாலத்தின் நீளம் அது. பளபளப்புக்கும் இதே காரணம். மேலே விழும் ஒளியைப் பொது எலக்ட்ரான்கள் வாங்கித் திருப்பி அனுப்புகின்றன. நம் முன்னோர் உலோகங்களை இந்த மினுக்கத்தை வைத்தே பெயரிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். தங்கம் செம்பொன், வெள்ளி வெண்பொன், இரும்பு கரும்பொன். எல்லாமே பொன்தான்; நிறம்தான் வேறு.

வெப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே எல்லோரும் ஏமாறுகிறோம். சித்திரை மாத நடுப்பகலில் கரையேற்றிய வத்தைப் படகில் நங்கூரச் சங்கிலியைத் தொட்டால் கை சுட்டுவிடும். பக்கத்திலேயே அதே வெயிலில் நீண்ட நேரம் கிடக்கும் மரத் துடுப்பைத் தொட்டால் பொறுத்துக்கொள்ளலாம். சங்கிலி அதிகச் சூடாகிவிட்டது என்றே நினைப்போம். இரண்டின் வெப்பநிலையிலும் பெரிய வேறுபாடு இருக்காது. இரும்பில் அலையும் எலக்ட்ரான்கள் உள்ளே இருக்கும் வெப்பத்தையும் சேர்த்து நம் விரலுக்கு விரைவாகக் கொண்டுவந்து கொட்டுகின்றன. மரத்தில் அப்படிக் கொண்டுவர ஆள் இல்லை. மார்கழி விடியலில் அதே சங்கிலி ஐஸ்போல் குளிரும். இப்போது எலக்ட்ரான்கள் நம் விரலின் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகின்றன. சங்கிலி அதே சங்கிலிதான், எலக்ட்ரானின் நடையும் அதேதான்.

மின்சாரம் என்பதே எலக்ட்ரான்களின் ஓட்டம். ஆகவே உலோகம் அதைக் கடத்துவதில் வியப்பில்லை. கம்பிக்குள் தாமிரமும், அதன் மேல் பிளாஸ்டிக் உறையும் இருப்பதற்குக் காரணம் இதுவே.

ஒலிக்கு வருவோம். கோயில் மணியும் தேவாலய மணியும் கணீரென்று ஒலிப்பது, அடித்ததும் உலோகம் உடையாமல் அதிர்ந்து, அந்த அதிர்வை நீண்ட நேரம் தாங்கிக்கொள்வதால். அப்படியானால் சங்கு? கீழக்கரையில் சங்குகுளித்தல் தலைமுறைகளாக நடந்த ஊரில் பிறந்த பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க மாட்டான். சங்கு உலோகம் இல்லை. ஆனால் அதன் முழக்கம் கடலைத் தாண்டிக் கேட்கிறதே? சங்கைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். டொக் என்ற ஓசைதான் வரும். ஊதும்போது ஒலிப்பது சங்கின் ஓடு இல்லை. உள்ளே சுருண்டிருக்கும் காற்று. தட்டினால் ஒலிக்கும் என்று அட்டவணை சொல்வதன் பொருள் பொருளே அதிர்ந்து ஒலிக்கும் என்பதுதான்.

எடையில் உலோகங்கள் பொதுவாகக் கனமானவை. ஒரு லிட்டர் பால் பிடிக்கும் பாத்திரத்தில் ஈயத்தை நிரப்பினால் 11 கிலோவுக்கு மேல் இருக்கும். வலையின் அடிக்கயிற்றுக்கு ஈயத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்தக் கனமும், 327 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடும் இணக்கமும் காரணங்கள். இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். அதனால்தான் பெரியப்பாவின் கரண்டி அசையாமல் இருந்தது.

விதிவிலக்குகளும் உண்டு. பாதரசம் உலோகம், ஆனால் சாதாரண வெப்பநிலையில் திரவம். சோடியம் உலோகம், ஆனால் கத்தியால் வெண்ணெய்போல் வெட்டலாம், தண்ணீரில் மிதக்கும், மிதந்துகொண்டே கொதித்துத் தீப்பற்றும். அதனால் அதை மண்ணெண்ணெய்க்குள் வைத்திருப்பார்கள். கரியில் இருக்கும் கார்பன்தான் இதில் பெரும் புதிர். அதே கார்பன் வைரமாக இருக்கும்போது இயற்கையில் கிடைப்பவற்றிலேயே கடினமானது, மின்சாரம் கடத்தாது. பென்சிலுக்குள் கிராஃபைட்டாக இருக்கும்போது தாளில் தேய்ந்து ஒட்டும் அளவுக்கு மென்மை, மின்சாரம் கடத்தும்! ஒரு பென்சிலின் இரு முனைகளையும் சீவி, டார்ச் செல் இரண்டையும் சிறிய எல்.இ.டி. விளக்கு ஒன்றையும் கம்பியால் இணைத்துப் பாருங்கள், மங்கலாகவேனும் எரியும். வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் தன் நான்கு வெளி எலக்ட்ரான்களையும் நான்கு பக்கமும் கைகோக்கச் செலவிட்டுவிடுகிறது. கிராஃபைட்டில் மூன்று மட்டுமே செலவாகின்றன. நான்காவது சும்மா உலவுகிறது. விதிவிலக்குபோலத் தோன்றுவதும் அதே விதியைத்தான் சொல்கிறது.

அயோடின் இன்னொன்று. அலோகமாக இருந்தும் கருஞ்சாம்பல் நிறத்தில் பளபளக்கும். இது 1811இல் கண்டறியப்பட்ட விதம் நம் கடற்கரைக்கு நெருக்கமானது. பிரான்சு நாட்டில் பெர்னார்ட் கூர்த்துவா கடற்பாசிச் சாம்பலிலிருந்து வெடியுப்புக்கான பொருள் எடுக்கும் தொழில் நடத்திவந்தார். ஒருநாள் அமிலத்தைச் சற்று அதிகமாக ஊற்றியபோது ஊதா நிற ஆவி எழுந்து, குளிர்ந்த இடத்தில் மினுக்கும் படிகமாகப் படிந்தது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி நம் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிக் கொய்துவரும் பாசிகளிலும் அயோடின் இருக்கிறது. கடலில் மிக மிகக் குறைவாகக் கரைந்திருப்பதைப் பாசி உறிஞ்சிச் சேர்த்துவைக்கிறது.

இதுவரை உலோகமும் அலோகமும் தனித்தனியே எப்படி இருக்கும் என்று பார்த்தோம். கொடுக்கும் கையும் வாங்கும் கையும் சந்தித்தால்?

வாலிநோக்கம் உப்பளத்தில் இறங்கி ஒரு கல் உப்பைக் கையில் எடுங்கள். சோடியம் தன் ஒற்றை வெளி எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிட்டது, அதுதான் உப்பு. சோடியம் தண்ணீர் பட்டால் தீப்பற்றும் உலோகம். குளோரின், 1915 ஏப்ரலில் பெல்ஜியத்துப் போர்க்களத்தில் வீரர்களைக் கொல்லத் திறந்துவிட்ட நச்சு வாயு. இரண்டும் கூடியதை நாம் மீன் குழம்பில் போடுகிறோம். தொடக்க மாணவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 'சங்கில் கால்சியம் இருக்கிறது, கால்சியம் உலோகம், எனவே சங்கு மின்சாரம் கடத்த வேண்டுமே' என்று கேட்ட பிள்ளையை எனக்குத் தெரியும். நல்ல கேள்வி. ஆனால் சங்கில் இருக்கும் கால்சியம் தன் எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்ட கால்சியம். பொதுச் சொத்து போய்விட்டது. அதனால் உலோகக் குணமும் போய்விட்டது. இப்படி இரண்டும் கூடிப் பிறக்கும் சேர்மம் என்பது வேறொரு பொருள். கல் உப்பைச் சுத்தியலால் அடித்தால் ஈயத்தைப்போல் விரியாமல் நொறுங்குவதும் இதனால்தான்.

உலோகம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் வரும் ஆக்சைடு பெரும்பாலும் காரத்தன்மை உடையது. அலோக ஆக்சைடு பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது. இதற்கு ஆய்வகம் வேண்டாம். சிப்பியைக் காளவாயில் சுட்டால் கிடைப்பது கால்சியம் ஆக்சைடு, நம் சுண்ணாம்பு. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பைக் குழைத்ததும் சட்டென்று செக்கச்செவேல் என்று மாறுகிறதே, அது காரத்தின் அடையாளம். அந்த நீரில் எலுமிச்சை பிழிந்தால் அமிலம் சேர்ந்து மறுபடி மஞ்சளாகும். கரி எரிந்து வரும் கார்பன் டை ஆக்சைடு அலோக ஆக்சைடு. அதைத் தண்ணீரில் அழுத்திக் கரைத்ததுதான் சோடா. நாக்கில் சுருக்கென்று லேசாகப் புளிப்பது அந்த அமிலம்தான்.

சிலிக்கான், ஜெர்மானியம் போன்றவை இரண்டுக்கும் நடுவே நிற்பவை, உலோகப்போலிகள் என்பார்கள். 2016இல் கமுதியில் நிறுவப்பட்ட 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தில் வெயிலை மின்சாரமாக்குவது சிலிக்கான்தான்.

இனி, நம் கரையில் வாழும் எவரும் தப்ப முடியாத விஷயம்: துரு.

இரும்பு கொடுக்கும் கை. காற்றிலும் தண்ணீரிலும் இருக்கும் ஆக்சிஜன் வாங்கும் கை. இரும்பின் மேல் ஒரு துளி நீர் நின்றால் போதும், ஓரிடத்தில் இரும்பு எலக்ட்ரானைக் கொடுத்துக் கரைகிறது. இன்னோரிடத்தில் நீரில் கரைந்த ஆக்சிஜன் அதை வாங்குகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குத் துளி நீர் வழியாக மின்னூட்டம் நகர வேண்டும். நல்ல தண்ணீரில் அது மெதுவாக நடக்கும். உப்பு நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் விறுவிறுவென்று நடக்கும். ஒரு கிலோ கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதன் திவலைகளைக் காற்று இரவு பகலாக நம் சன்னல் கம்பியில் கொண்டுவந்து பூசுகிறது. உள்நாட்டில் பல ஆண்டுகள் நிற்கும் கம்பி இங்கே சீக்கிரமே செதில் செதிலாக உதிர்வதன் காரணம் இதுதான்.

துருவில் இன்னொரு கெடுதல் உண்டு. அது தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிக இடத்தைப் பிடிக்கும். கூரைக் கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தால் உள்ளிருந்து உப்பிக் கான்கிரீட்டைப் பிளக்கும். எங்கள் வீட்டு முற்றத்து உத்தரத்திலிருந்து காரை பெயர்ந்து விழுந்தபோது உள்ளே விரல் பருமன் கம்பி, பேனா ரீஃபில் அளவுக்கு மெலிந்து, அதைச் சுற்றிப் பழுப்புச் செதில்கள் அடுக்கடுக்காக இருந்ததை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். நகத்தால் கீறினாலே உதிர்ந்தது.

அலுமினியம் இரும்பைவிடத் தாராளமாகக் கொடுக்கும் உலோகம். நியாயமாக அது இன்னும் வேகமாக அழிந்திருக்க வேண்டும். ஆனால் அதன் ஆக்சைடு துருவைப்போல் உதிராமல், மெல்லிய தோலாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கிறது. எவர்சில்வரில் இந்த வேலையைச் செய்வது குரோமியம். செம்பும் பித்தளையும் பச்சைக் களிம்பு ஏறும். புளியிட்டுத் தேய்த்தால் புளியின் அமிலம் களிம்பைக் கரைத்துவிடும். தங்கம் எலக்ட்ரானைக் கொடுக்க மறுக்கும் உலோகம்; ஆகவேதான் ஆண்டுக்கணக்கில் உப்புநீரில் மூழ்கி எழுபவர் கழுத்திலும் அது நிறம் மாறாமல் இருக்கிறது.

சொல்ல மறந்துவிடக் கூடாத ஒன்று: பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது என்கிறோமே, அது வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயத்தால் ஆனதுதான். வலைக்குண்டின் ஈயம் காரீயம். இரண்டும் வெவ்வேறு உலோகங்கள். காரீயம் ஒருபோதும் சமையலறைக்குள் வரக் கூடாது.

1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலம் இந்த உப்புக் காற்றோடு நூறாண்டுக்கும் மேல் போராடியது. 1964 புயலில் சிதைந்து, மறுபடி கட்டப்பட்டு, 2022 டிசம்பர் வரை ரயிலைத் தாங்கியது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை இட்டிருக்கிறார்கள். எஃகின் மேல் பாலிசிலாக்சேன் என்ற பூச்சைப் பூசியிருக்கிறார்கள். ஆக்சிஜனும் உப்பு நீரும் இரும்பைத் தொடவிடாமல் தடுப்பதுதான் அந்தப் பூச்சின் வேலை. காரைக்குடியில் நாம் சிக்ரி என்று அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், எந்த உலோகம் எவ்வளவு அரிக்கப்படுகிறது என்று பார்க்க மண்டபம் கடற்காற்றில் உலோகத் துண்டுகளை வைத்துச் சோதித்திருக்கிறது. நம் காற்று அந்த அளவுக்குக் கடுமையானது.

பூச முடியாத இடத்துக்கு வேறொரு வழி இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்த வழி. எஃகு உடல் கொண்ட படகைக் கரையேற்றும்போது அடிப்பகுதியில், படகைச் செலுத்தும் காற்றாடிக்குப் பக்கத்தில், சோப்புக் கட்டி அளவில் சாம்பல் நிறத் துண்டுகள் திருகப்பட்டிருக்கும். அவை துத்தநாகம். இரும்பைவிட எளிதாக எலக்ட்ரானைக் கொடுக்கும் உலோகம் துத்தநாகம். இரண்டும் ஒன்றையொன்று தொட்டபடி கடல் நீரில் இருக்கும்போது, ஆக்சிஜன் கேட்கும் எலக்ட்ரானைத் துத்தநாகமே முந்திக்கொண்டு கொடுத்துவிடும். இரும்புக்கு அந்த வேலை வருவதில்லை. கூரைபோடும் இரும்புத் தகரத்துக்குத் துத்தநாகப் பூச்சு கொடுப்பதும் இதே கணக்குதான்.

போன முறை படகு பழுதுபார்க்கும் இடத்துக்குப் போனபோது மெக்கானிக் ஒரு பழைய கட்டியைக் கழற்றி என் கையில் வைத்தார். கறையான் அரித்த மரம்போல் குழி குழியாகத் தேய்ந்து, பாதிக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தது. அது இருந்த இடத்தைச் சுற்றி எஃகில் சுத்தியலால் தட்டிக் காட்டினார், கணீரென்று கேட்டது. பிறகு புதிய கட்டியை வைத்துத் திருகினார்.